முதல் விஷுவல் நாவல்: தேர்வும் வாசிப்பும்

விஷுவல் நாவல் என்பது கணினியிலோ கைப்பேசியிலோ வாசிக்கும் கதை. பின்னணி ஓவியம் ஒன்றின் முன்னே கதைமாந்தர்களின் உருவங்கள் நிற்கும். கீழே உள்ள பெட்டியில் உரையாடலும் விவரிப்பும் வரி வரியாகத் தோன்றும். இசையும், பல படைப்புகளில் குரல் நடிப்பும் சேர்ந்து ஒலிக்கும். ஒவ்வொரு சொடுக்குக்கும் அடுத்த வரி வரும். சில இடங்களில் கதை நின்று, இரண்டு மூன்று வழிகளைக் காட்டி, எதில் போவது என்று வாசகரையே கேட்கும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு இது அசையாத படங்களும் ஓயாத எழுத்துமாகவே தெரியும். உள்ளே இருப்பவருக்கோ, ஒரு கதைமாந்தருக்கு நேர்ந்த இழப்பில் தமக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் பல நாள் விலகாது. அந்த எண்ணமே இந்த வடிவத்தின் தனிச்சொத்து என்று நான் கருதுகிறேன். அது எல்லோருக்கும் தானாக வாய்த்துவிடுவதில்லை. எந்தப் படைப்பை முதலில் எடுக்கிறோம், கேள்வி வரும் இடத்தில் எப்படி நடந்துகொள்கிறோம், கிடைத்த முதல் முடிவை எப்படி ஏற்றுக்கொள்கிறோம் என்பவற்றைப் பொறுத்தே அது அமைகிறது. புதிதாக நுழைகிறவர் இவற்றில் கவனம் வைப்பதற்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

வரலாற்றைச் சிறிதளவு அறிந்திருப்பது தேர்வுக்கு உதவும். 1983இல் யூஜி ஹோரி உருவாக்கி எனிக்ஸ் வெளியிட்ட 'போர்ட்டோப்பியா தொடர் கொலை வழக்கு' என்ற துப்பறியும் விளையாட்டு, ஜப்பானில் இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1992இல் சுன்சாஃப்ட் நிறுவனம் 'ஓட்டோகிரிசோ' என்ற திகில் கதையை வெளியிட்டு, எழுத்தையும் ஓசையையும் முதன்மையாகக் கொண்ட அந்த வகையைச் 'சவுண்ட் நாவல்' என்று அழைத்தது. 1996இல் லீஃப் நிறுவனம் 'ஷிசுகு'வில் தொடங்கிய தன் வரிசைக்கு விஷுவல் நாவல் என்று பெயரிட்டது. அதுவே பின்னர் வடிவம் முழுவதற்கும் நிலைத்தது. அந்தக் காலத்திலிருந்தே எழுத்தைக் காட்ட இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. திரையை நிறைத்து எழுத்து வரும் முறை, தனக்குள் பேசிக்கொள்ளும் கதைசொல்லிக்கு ஏற்றது. கீழே பெட்டியில் இரண்டு மூன்று வரிகள் மட்டும் வரும் முறை, உரையாடலுக்கு ஏற்றது. நாவல் வாசித்துப் பழகியவருக்கு முதல் முறையும், திரைப்படம் பார்த்துப் பழகியவருக்கு இரண்டாம் முறையும் எளிதில் பிடிபடும்.

எதை முதலில் எடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது நீளம். கதைச்சுருக்கத்தையும் மதிப்பெண்ணையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 2007 முதல் இயங்கிவரும் விஎன்டிபி என்ற தரவுத்தளம் படைப்புகளை இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்டவை, இரண்டு முதல் பத்து மணி நேரம், பத்து முதல் முப்பது, முப்பது முதல் ஐம்பது, ஐம்பதுக்கு மேற்பட்டவை என்று வகைப்படுத்தித் தருகிறது. புகழ்பெற்ற படைப்புகளில் பல கடைசி இரண்டு வகைகளில் அடங்கும். யாரோ தலைசிறந்தது என்று சொன்னதை நம்பி ஐம்பது மணி நேரக் கதையை முதலில் எடுப்பவர், அது இன்னும் தன் மாந்தர்களை அறிமுகப்படுத்தி முடிக்காத கட்டத்திலேயே களைத்துப்போய் விட்டுவிடுவார். ஆகவே முதல் படைப்பு பத்து மணி நேரத்துக்குள் முடிவதாக இருக்கட்டும். வேறு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த கதையை வாசிக்கும்போது குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஆகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தொடக்கத்துக்கு நான் சொல்லக்கூடியவை மூன்று. ஒன்று, கீ நிறுவனம் 2004இல் வெளியிட்ட 'பிளானட்டேரியன்'. போரில் அழிந்து மனிதர் கைவிட்ட நகரம் ஒன்றில், பேரங்காடியின் மேல்தளத்தில் உள்ள கோளரங்கத்துக்குள் ஒதுங்குகிறான் ஒருவன். அங்கே ஒரு இயந்திரப் பெண் இன்னமும் வாடிக்கையாளர்களுக்காகக் காத்திருக்கிறாள். இதில் வாசகர் எடுக்கும் முடிவு எதுவும் கிடையாது. தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே பாதைதான். அவ்வாறானவற்றைக் கைனெட்டிக் நாவல் என்பார்கள். கேள்விகளே இல்லாத படைப்பில் தொடங்குவதால், எழுத்து, இசை, ஓவியம் ஆகிய மூன்றும் சேர்ந்து இயங்கும் விதத்தில் மட்டும் கவனம் நிற்கும்.

இரண்டாவது, 2005இல் இலவசமாக வெளியான 'நார்சிசு'. மருத்துவமனையின் ஏழாம் தளத்தில், இனி வீடு திரும்ப வாய்ப்பில்லாத நோயாளிகள் இருவர், ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும், ஒரு காரை எடுத்துக்கொண்டு வெளியேறும் கதை இது. திரையின் பெரும்பகுதி கறுப்பாகவே இருக்கும். நடுவில் குறுகலான ஒரு பட்டையில் மட்டும் சாலையோ வானமோ தெரியும். கதைமாந்தரின் முகம் அரிதாகவே காட்டப்படும். காட்டாமல் விட்டதை வாசகரின் மனம் நிரப்பிக்கொள்வதால், அந்தப் பெண்ணின் முகம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக நினைவில் தங்குகிறது. குரல் நடிப்புடனும் குரல் இல்லாமலும் வாசிக்கும்படி இரண்டு வகையாகவும் அது அமைக்கப்பட்டுள்ளது. முதல் முறை குரல் இல்லாமல் வாசிக்கும்படி பரிந்துரைக்கிறேன். மரணத்தை மிக அருகில் வைத்துப் பேசும் கதை என்பதால், மனம் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் நாட்களில் இதைத் தொட வேண்டாம்.

மூன்றாவது, கிறிஸ்டின் லவ் 2010இல் இலவசமாக வெளியிட்ட 'டிஜிட்டல்: எ லவ் ஸ்டோரி'. இங்கே கதைமாந்தரின் உருவங்களே இல்லை. 1988ஆம் ஆண்டின் கணினித் திரை ஒன்று உங்கள் முன் இருக்கும். மோடம் வழியாகத் தொலைபேசி எண்ணைச் சுழற்றி, பலர் செய்திகளை எழுதிப் பகிர்ந்த அக்காலத்துக் கணினி அறிவிப்புப் பலகைகளுக்குள் நுழைந்து, அந்நியர்கள் எழுதியதை வாசிக்க வேண்டும். பதில் அனுப்பும் பொத்தான் உண்டு. ஆனால் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதை அந்தப் படைப்பு ஒருபோதும் காட்டாது. அடுத்த முனையிலிருந்து வரும் மறுமொழியை வைத்து, நாம் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று ஊகித்துக்கொள்கிறோம். நம் சொற்கள் அங்கே வெற்றிடமாக விடப்பட்டிருப்பதால் அந்த வெற்றிடத்தில் நாமே போய் நிற்கிறோம். கிளைகள் எதுவும் பெரிதாக இல்லாத ஒரு கதை, நூறு கேள்விகள் கேட்கும் கதையைவிட ஆழமாக வாசகரை உள்ளிழுத்துக்கொள்கிறது. ஊடாட்டக் கதையின் ஆற்றல் தேர்வுகளின் எண்ணிக்கையில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இவற்றில் இரண்டையாவது முடித்த பிறகு நீண்ட படைப்புகளுக்குச் செல்லலாம். துப்பறிதல் பிடித்தவர் 2001இல் தொடங்கிய 'ஏஸ் அட்டர்னி' வரிசையை எடுக்கலாம். சாட்சியின் வாக்குமூலத்தில் உள்ள முரணைக் கண்டுபிடித்து, அதற்குரிய ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைப்பதே அங்கே வாசகரின் வேலை. அறிவியல் புனைவு நாடுபவருக்கு 2009இல் வந்த 'ஸ்டைன்ஸ்;கேட்' உண்டு. இருண்ட, பழமை வாய்ந்த மாளிகைக் கதைகளை விரும்புபவருக்கு 2012இல் வெளியான 'தி ஹவுஸ் இன் ஃபாட்டா மோர்கானா' ஏற்றது. 2017இல் இலவசமாக வந்து பரவலாகப் பேசப்பட்ட 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்' மட்டும் முதல் படைப்பாக இருக்க வேண்டாம். இந்த வடிவத்தின் மரபுகளை நன்கு அறிந்தவருக்காக அது எழுதப்பட்டிருக்கிறது. தொடக்கத்திலேயே அது காட்டும் எச்சரிக்கையையும் உண்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளடக்கம் பற்றியும் ஒரு சொல். ஜப்பானியப் படைப்புகள் பலவும் முதலில் பெரியவர்களுக்கு மட்டுமான காட்சிகளுடன் வெளிவந்து, பிறகு எல்லா வயதினருக்குமான பதிப்பாகவும் வந்தவை. பதிவிறக்கும் முன் எந்தப் பதிப்பு என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். விஎன்டிபியில் கதையின் திருப்பங்களை மறைத்துவிட்டு வன்முறை, தற்கொலை, நோய் போன்ற குறிச்சொற்களை மட்டும் பார்க்க வழி இருக்கிறது.

அமர்வதற்கு முன்

எழுத்து தோன்றும் வேகத்தை முதலில் சரிசெய்யுங்கள். எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும் அமைப்பு, வேகமாக வாசிப்பவரை எரிச்சலூட்டும். முழு வரியும் ஒரேயடியாக வரும்படி மாற்றிவிட்டால் அந்தச் சிக்கல் தீரும். தானாக நகரும் ஆட்டோ முறையை நான் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. ஒரு வரியில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசகரின் கையில் இருப்பதே இந்த வடிவம் தரும் சலுகை. அதை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால் மெதுவான ஒரு திரைப்படம்தான் மிஞ்சும். இசையின் ஒலியளவைக் குரலைவிடச் சற்றுக் குறைத்து, ஹெட்ஃபோனுடன் வாசியுங்கள். கைப்பேசி அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள்.

வரிகளை வேகமாகத் தாண்டிச் செல்ல உதவும் ஸ்கிப் அமைப்பில் 'படித்த பகுதியை மட்டும் தாண்டு' என்ற விருப்பம் இயங்குகிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். அது இல்லாவிட்டால் இரண்டாம் முறை வாசிக்கும்போது, நீங்கள் இதுவரை காணாத ஒரு காட்சி கண்ணில் படாமலே பறந்துவிடும். 2004 முதல் இலவசமாகக் கிடைக்கும் ரென்பை என்ற கருவியில் ஏராளமான சிறு படைப்புகள் உருவாக்கப்பட்டுள்ளன. அவற்றில் சுட்டெலியின் சக்கரத்தை மேல்நோக்கி உருட்டினால் கதை பின்னோக்கிச் செல்லும்; கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தால் வேகமாக ஓடும்; ஹெச் விசையை அழுத்தினால் எழுத்துப் பெட்டி மறைந்து ஓவியம் மட்டும் தெரியும். பார்வைக் குறைபாடு உள்ளவர் வி விசையை அழுத்தித் திரையில் உள்ளதைக் குரலாகக் கேட்கலாம்.

வாசிக்கும் விதம்

ஓர் அமர்வுக்கு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் போதும். நள்ளிரவைத் தாண்டி அடித்துப்பிடித்து முடிக்கும் கதைகள் மறுநாள் காலையில் கலங்கலாகவே நினைவுக்கு வருகின்றன. காட்சி ஒன்று முடிந்து திரை இருண்டு அடுத்தது தொடங்கும் இடமே நிறுத்துவதற்கு ஏற்றது.

தொடக்கப் பகுதிக்குப் பொறுமை வேண்டும். வாசகரை அழவைப்பதையே நோக்கமாகக் கொண்ட கதைகளை ஜப்பானில் 'நாகிகே' என்கிறார்கள். கீ நிறுவனம் 1999இல் வெளியிட்ட 'கானன்' அவ்வகையைப் பரவலாக்கியவற்றுள் ஒன்று. அவற்றின் முற்பாதி வேடிக்கைப் பேச்சும் அன்றாடச் சில்லறை நிகழ்ச்சிகளுமாக நீண்டுகொண்டே போகும். கதை எங்கே என்று வாசகர் கேட்கத் தொடங்கிவிடுவார். ஆனால் அந்த நீளத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. கதைமாந்தருடன் நாம் உண்மையிலேயே நேரம் செலவிட்டிருக்கிறோம். அவர்களுடைய பேச்சுப் பழக்கங்களும், ஒருவரை ஒருவர் சீண்டும் விதமும் நமக்குப் பரிச்சயமாகிவிட்டன. பின்னால் அந்தப் பரிச்சயத்திலிருந்து ஒன்று உருவப்படும்போதுதான் வலிக்கிறது. முற்பாதியை ஸ்கிப் செய்து ஓடியவருக்குப் பிற்பாதியின் துயரம் செய்தியாக மட்டுமே வந்து சேரும்.

முகங்களையும் கவனித்துப் பாருங்கள். ஸ்ப்ரைட் எனப்படும் கதைமாந்தர் உருவங்களுக்கு மகிழ்ச்சி, கோபம், வெட்கம், வியப்பு என்று எண்ணிச் சொல்லக்கூடிய சில முகபாவங்கள்தான் வரையப்பட்டிருக்கும். பல மணி நேரம் அவையே மாறி மாறி வருவதால், அவற்றை அறியாமலே மனப்பாடம் செய்துவிடுகிறோம். பிறகு ஓர் இடத்தில் இசை நின்றுபோகிறது. பெட்டியில் வெறும் புள்ளிகள் மட்டும் தெரிகின்றன. சொடுக்கினால், அதே பெண் அதே இடத்தில், இதுவரை நாம் கண்டிராத ஒரு முகத்துடன் நிற்கிறாள். கண்கள் சற்றே தாழ்ந்திருக்கும், அவ்வளவுதான். ஓர் அசைவும் இல்லாமல் அந்த ஒரு மாற்றம் உண்டாக்கும் அதிர்வை, அதுவரை பொறுமையாக வாசித்தவர் மட்டுமே பெறுவார். அத்தகைய இடங்களில் உடனே அடுத்த வரிக்குப் போகாதீர்கள். அந்தப் புள்ளிகளும் எழுத்தாளர் எழுதியவைதான்.

கேள்வி வரும்போது

முதல் வாசிப்பில் வழிகாட்டிப் பட்டியல்களை, அதாவது எந்த இடத்தில் எதைத் தேர்ந்தால் எந்த முடிவு கிடைக்கும் என்று வரிசைப்படுத்தியவற்றை, கண்டிப்பாகப் பார்க்காதீர்கள். இந்த ஒரு அறிவுரையை மட்டும் கடைப்பிடித்தால்கூடப் போதும் என்பேன். பட்டியலைப் பார்த்துத் தேர்கிறவருக்குப் பொறுப்பு இல்லை. பொறுப்பு இல்லாத இடத்தில் வருத்தமும் பிறக்காது.

பெரும்பாலான படைப்புகளில் ஒவ்வொரு தேர்வும் திரைக்குப் பின்னால் ஒரு மதிப்பைக் கூட்டும் அல்லது ஒரு குறியை வைக்கும். பள்ளி முடிந்ததும் யாருடன் நடந்து போவது என்பது போன்ற சிறு கேள்விகளின் விடைகள் சேர்ந்து, எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் பொதுப்பகுதி முடியும் இடத்தில் கதை எந்தக் கிளைக்குத் திரும்பும் என்பதைத் தீர்மானிக்கும். வேறு சில கேள்விகள் அடுத்த இரண்டு வரிகளை மட்டும் மாற்றிவிட்டு மறைந்துவிடும். இன்னும் சில, தவறான விடைக்கு உடனே கதையை முடித்துவிடும். எது எந்த வகை என்று வாசகருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. எல்லாக் கேள்வியையும் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொண்டு, அந்த நிலையில் நீங்கள் உண்மையிலேயே செய்யக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். படைப்பாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்துத் தேர்வதை விட்டுவிடுங்கள்.

கேள்வி எப்போதும் பட்டியலாக வருவதும் இல்லை. 'ஸ்டைன்ஸ்;கேட்' கதையில் வாசகர் முன் விருப்பங்கள் வரிசையாக நிறுத்தப்படுவதில்லை. கதாநாயகனின் கைப்பேசி மட்டுமே கொடுக்கப்படுகிறது. அழைப்பு வரும்போது அதை எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். வந்த மின்னஞ்சலில் அடிக்கோடிட்ட சொற்களில் ஒன்றைத் தேர்ந்து பதில் அனுப்பலாம், பேசாமலும் இருந்துவிடலாம். நாம் சும்மா சொடுக்கிக்கொண்டே போனாலும் அதுவும் ஒரு முடிவாகவே கணக்கில் ஏறுகிறது. 2016இல் வெனிசுவேலாவைச் சேர்ந்த சுகேபான் கேம்ஸ் வெளியிட்ட 'வால்ஹல்லா' கதையில் நாம் மதுக்கூடப் பணியாளர். எதிரே அமர்ந்திருப்பவருக்கு என்ன கலந்து கொடுக்கிறோம் என்பதே நம் பேச்சு. 2002இல் தொடங்கி எட்டுப் பகுதிகளாக வந்த 'ஹிகுராஷி' கதையிலோ கேள்விகளே கிடையாது. நடந்த கொலைகளின் காரணத்தை வாசகர் தாமாக யோசித்துக் கண்டறிய வேண்டும் என்பதே அதன் அழைப்பு. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் உங்கள் ஊகத்தைத் தாளில் எழுதிவைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். எழுதாதவர் பாதிக் கதையை இழக்கிறார்.

ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் தனித்தனி இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். பழையதன் மேல் புதியதை எழுதாதீர்கள். இந்தச் சேமிப்பு பின்னாளில் வேறு கிளைகளை வாசிப்பதற்கானது. தேர்ந்தது தவறாகப் போனதும் உடனே திரும்பி வந்து மாற்றிக்கொள்வதற்காக அதைப் பயன்படுத்தாதீர்கள். ரென்பை படைப்புகளில் சக்கரத்தை உருட்டினாலே கேள்விக்கு முன்னால் போய்விடலாம் என்பதால், அந்த ஆசையை அடக்குவது கடினம். ஆனாலும் அடக்குவது பயன் தரும்.

முதல் முடிவும் அதற்குப் பிறகும்

முதல் வாசிப்பில் கிடைக்கும் முடிவு பெரும்பாலும் நல்ல முடிவாக இராது. யாரோ ஒருவர் காப்பாற்றப்படாமல் போயிருப்பார். சொல்ல வேண்டியது சொல்லப்படாமல் நின்றிருக்கும். அதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். உங்கள் இயல்புக்கு ஏற்ப நீங்கள் எடுத்த முடிவுகளின் வழியாக வந்து சேர்ந்த கதை அது; மற்ற கிளைகளை எல்லாம் வாசித்த பின்பும் இதுவே உங்களுடையதாக நிற்கும். குறைந்தது ஒரு நாளாவது வேறெதையும் தொடாமல் அதனுடன் இருங்கள். எந்தத் தேர்வு எங்கே கொண்டுவந்து விட்டது என்று தோன்றுவதைச் சில வரிகளில் எழுதிவைப்பதும் நல்லது.

அதற்குப் பிறகு மறுவாசிப்பு. இங்கே ஸ்கிப் தாராளமாகப் பயன்படும். முன்பு வாசித்த வரியாகவே இருந்தாலும், வேறொரு கிளையில் ஒருவரின் ரகசியத்தை அறிந்துவிட்ட பிறகு அவருடைய பழைய வேடிக்கைப் பேச்சு அதே பொருளில் ஒலிக்காது. 2004இல் வந்த 'ஃபேட்/ஸ்டே நைட்' இதையே தன் கட்டமைப்பாகக் கொண்டது. அதன் மூன்று கிளைகளும் குறிப்பிட்ட வரிசையில்தான் திறக்கும். ஒரே கதாநாயகனின் ஒரே இலட்சியம் மூன்று முறையும் வெவ்வேறு கோணத்தில் சோதிக்கப்படுகிறது. அதே ஆண்டின் 'கிளானாட்' கதையில் ஒவ்வொருவரின் கிளையையும் முடிக்கும்போது ஓர் ஒளி சேரும். அவற்றைத் திரட்டியவருக்கே உண்மையான இறுதி கிடைக்கும். பிறருடைய துயரங்களுக்கு நேரம் ஒதுக்கியவருக்கு மட்டும் தன் முடிவைக் காட்டும் அந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வழிகாட்டிப் பட்டியலை இந்தக் கட்டத்தில் பார்க்கலாம். 'ஸ்டைன்ஸ்;கேட்'டின் இறுதி முடிவை எட்டக் குறிப்பிட்ட அஞ்சல்களுக்குக் குறிப்பிட்ட பதில்களை அனுப்பியிருக்க வேண்டும்; ஊகித்து அதை அடைவது அரிது. எல்லாக் கிளைகளையும் முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு கதைமாந்தர் மேல் ஈடுபாடு வரவில்லை என்றால் அவருடைய கிளையை விட்டுவிடுங்கள். உண்மையான இறுதிக்கு அது தேவை என்றால் மட்டும் வாசியுங்கள்.

இந்த வடிவத்தை உள்ளிருந்து அறிய விரும்புகிறவர் சிறு காட்சி ஒன்றைத் தாமே அமைத்துப் பார்க்கலாம். எழுத்தும் தேர்வும் மட்டும் போதும் என்றால் 2009இல் கிறிஸ் கிளிமாஸ் உருவாக்கிய ட்வைன் என்ற கருவி போதுமானது. படமும் இசையும் வேண்டும் என்றால் ரென்பை. இரண்டும் இலவசம். இரண்டு கதைமாந்தர், ஓர் அறை, ஒரே ஒரு கேள்வி என்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். எழுதியதை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, அவர் வாசிக்கும்போது குறுக்கே பேசாமல் அவர் கையை மட்டும் கவனியுங்கள். கேள்வி வந்ததும் யோசிக்காமல் சொடுக்கிவிட்டால், அதற்கு முன்னால் உள்ள உரையாடல் போதவில்லை என்று பொருள். கேள்வியின் சொற்களை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முந்தைய பகுதியை நீட்டி எழுதி இன்னொருவரிடம் கொடுங்கள்.